தடி எடுத்தவன் தண்டல்காரன்: எதேச்சாதிகாரம், அடிமைமுறை, பேச்சுரிமை பற்றித் திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் படிப்பகக் கூட்டங்களிலும் சங்க வகுப்புகளிலும் இந்தப் பொருளை எடுத்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பதில்கள் என்னுடையவை. நடுநிலை என்ற பெயரில் எங்கும் வழுக்கிப் போக நான் முயலவில்லை. மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

எதேச்சாதிகாரம், அடிமைமுறை, பேச்சுரிமை மூன்றும் தனித்தனிப் பாடங்கள் அல்லவா? ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டும்?

தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனித்தனிப் பாடங்கள்தான். அனுபவித்தவர்களுக்கு அப்படி இல்லை. ஒருவர் இடும் கட்டளைக்குக் காரணம் கேட்க முடியாது, முறையிட வேறு இடமும் கிடையாது, நாளை அவர் மனம் மாறினால் கட்டளையும் மாறும் என்ற நிலைக்குப் பெயர் எதேச்சாதிகாரம். அந்தப் பிடி ஒரு மனிதனின் உடல், உழைப்பு, பெற்ற பிள்ளைகள் வரைக்கும் நீண்டால் அது அடிமைமுறை. இரண்டும் நிலைத்து நிற்க வேண்டுமானால் அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசக் கூடாது. அதனால்தான் அடிமைமுறை நடந்த நாடுகளின் சட்டப் புத்தகங்களில் உழைப்பைப் பற்றிய விதிகளுக்குப் பக்கத்திலேயே எழுத்து, அச்சு, கூட்டம் ஆகியவற்றைத் தடுக்கும் விதிகளும் இருக்கின்றன. உதாரணங்கள் கீழே வருகின்றன.

எங்கள் பண்ணையார் தங்கமானவர் என்று தாத்தா சொல்வார். நல்லவரிடம் வேலை பார்த்தவரை அடிமை என்று சொல்வது அபாண்டம் இல்லையா?

உங்கள் தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலும் மருதூர் அணைக்கட்டுப் பக்கத்திலும் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த, பிள்ளைப் பேற்றுக்கு வண்டி கட்டி அனுப்பிய பண்ணையார்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய குணத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. நான் கேட்பது வேறு. உங்கள் தாத்தா, “அடுத்த அறுப்புக்கு நான் வேறு பண்ணைக்குப் போகிறேன்” என்று சொல்லியிருக்க முடியுமா? அந்த நல்லவர் காலமாகி மகன் பொறுப்புக்கு வந்தபோது, அதே வேட்டியும் வண்டியும் கிடைக்கும் என்பதற்கு யார் ஜாமீன்?

களத்து மேட்டை நினைத்துப் பாருங்கள். கூலி நெல்லை அளப்பது பண்ணையின் மரக்கால். அந்த மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கும்பமாக விட்டு அளப்பதா என்பதை அளக்கிறவர் அந்தந்த நேரத்தில் முடிவு செய்வார். நல்ல மனநிலையில் இருந்தால் கும்பம். முந்தின நாள் வேலைக்காரன் முகம் சுளித்திருந்தால் தலைதட்டு. பண்ணைக்கு வரவேண்டிய வாரத்தை (விளைச்சல் பங்கை) அளக்கப் பெரிய மரக்கால், கூலிக்குச் சின்ன மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த வீடுகளைப் பற்றி வயலில் வேலை பார்த்த கிழவிகள் இன்றும் சொல்வார்கள். மரக்காலை எடுத்துப் பார்க்கக் கை நீட்டியவன் மறுநாள் களத்துக்கு வர முடியாது. ஒரு நல்லவர் ஒருநாளும் தலைதட்டி அளக்காமலே இருந்திருக்கலாம். அளக்க முடியும் என்பது களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதல் போதும், குரல் தாழ்ந்துவிடும்.

திருநெல்வேலியில் உண்மையிலேயே அடிமைகள் இருந்தார்களா? அது ஆப்பிரிக்கா, அமெரிக்காவில் நடந்தது அல்லவா?

இருந்தார்கள். பெரும்பாலான பள்ளிப் பாடங்கள் இதைத் தாண்டிக் குதித்துப் போவதால்தான் இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது.

பஞ்சத்தில் தன்னையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளே பேசுகின்றன. கடற்கரையில் இன்னொரு கதை. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக் கம்பெனி பிடித்தது. அதே கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் ஆட்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. அரிசி இல்லாத ஆண்டில் மனிதன் மலிவாகக் கிடைத்தான். கணக்குப்பிள்ளைகளுக்கு அது ஒரு சரக்கு வரவு.

உள்நாட்டில் நன்செய்ப் பகுதிகளில் நடந்தது நிலத்தோடு ஒட்டிய அடிமைமுறை. அந்த நாள் ஆவணங்கள் பள்ளர், பறையர் என்று எழுதும் மக்களே பெரும்பாலும் அதில் சிக்கியவர்கள். உடைமையாளர்கள் வேளாளர், பிராமணர் முதலிய மிராசுதாரர்கள். நிலம் கைமாறும்போது ஆட்களின் மீதான பாத்தியதையும் கைமாறியது, ஒற்றியும் வைக்கப்பட்டது. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் இதைப் பற்றி விளக்கம் கேட்டது. 1841இல் இந்தியச் சட்ட ஆணையம் அடிமைமுறை குறித்துத் தடித்த அறிக்கையே வெளியிட்டது. இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் இவ்வளவு காகிதம் எழுதுவதில்லை.

அமெரிக்காவுக்கும் இங்கேக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஏலச் சந்தை வேண்டியிருந்தது. இங்கே சாதி அந்த வேலையைச் செலவில்லாமல் செய்தது. எந்தத் தெருவில் பிறந்தாய் என்பதே பத்திரம் என்றானபின் சங்கிலிக்கு எதற்கு இரும்பு?

பிரிட்டிஷார் 1843இலேயே அடிமைமுறையை ஒழித்துவிட்டார்களே?

ஒழித்தார்கள் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சு. 1833இல் தங்கள் பேரரசில் அடிமைமுறையை நீக்கிச் சட்டம் போட்டபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். மேற்கிந்தியத் தீவு போன்ற குடியேற்றங்களில் உடைமையாளர்களுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அடிமையாக இருந்தவனுக்கு ஒரு காசு இல்லை.

இங்கே வந்த 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. வரிபாக்கிக்கோ கடன் தீர்ப்புக்கோ அதிகாரிகள் ஓர் ஆளை விற்கக் கூடாது. அடிமை மீது உடைமை பாத்தியதை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது. அடிமை என்று காரணம் காட்டி ஒருவன் சம்பாதித்த சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திரமான ஒருவனுக்குச் செய்தால் எது குற்றமோ அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். “நீ இன்றுமுதல் விடுதலை பெற்றவன்” என்று தண்டோரா போட்டு யாருக்கும் சொல்லவில்லை. நீதிமன்றப் படியே ஏறியிராத மனிதனுக்கு, நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் எப்படித் தெரியவரும்? மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

இடையிலேயே பின்கதவு திறந்தாயிற்று. 1859இல் ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் நீதிபதி அவனை வேலை செய்யும்படி உத்தரவிடலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் தள்ளலாம். கடன் பாக்கி என்பது சிவில் வழக்கு. ஆனால் ஏழையின் கடன் மட்டும் கிரிமினல் குற்றமானது. அந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தூத்துக்குடி வழியாகப் போன நம் ஊர்க்காரர்களை, ஆள் சேர்த்துக் கூட்டிப்போன ‘கங்காணி’யின் முன்பணம் கட்டிப் போட்டது. அங்கே ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடனை அடைத்தால் அவனை விடுவிக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். கடன் அவன் தலையில் தொடரும். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

அமெரிக்கக் கதை எங்களுக்கு எதற்கு?

இரண்டு காரணங்கள். முதலாவது, அடிமைமுறைக்கும் பேச்சுரிமைக்கும் உள்ள பகை அங்கே மறைக்க முடியாதபடி அம்பலமானது. 1835 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தபால் நிலையத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்து, அடிமை ஒழிப்புப் பத்திரிகைகள் இருந்த தபால் மூட்டையை எடுத்து மறுநாள் இரவு கொளுத்தியது. அடுத்த ஆண்டு அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை, அடிமைமுறை பற்றிய மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கி வைப்பது என்று தீர்மானம் போட்டது. முன்பு ஜனாதிபதியாக இருந்து பிறகு சாதாரண உறுப்பினராகச் சபைக்கு வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்து மல்லுக்கு நின்றார். 1844 டிசம்பரில்தான் அந்த வாய்ப்பூட்டு கழன்றது.

இதற்கிடையில் 1837 நவம்பர் 7 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் ஊரில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியரைக் கும்பல் சுட்டுக் கொன்றது. அதற்கு முன்பே அவருடைய அச்சு இயந்திரங்களை மீண்டும் மீண்டும் உடைத்திருந்தார்கள். அன்று அவர் காத்து நின்றது புதிதாக வந்து இறங்கிய இயந்திரத்தை. ஆல்டன் அடிமைமுறை இல்லாத மாநிலத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களை அடிமையாக வைத்திருக்க வேண்டுமானால் சுதந்திரமாக இருப்பவர்களின் வாயையும் அடைக்க வேண்டியிருக்கிறது.

தெற்கத்தி மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது குற்றம். பால்டிமோரில் சிறுவனாக இருந்த ஃபிரடெரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கணவர் தடுத்தார்: படித்தால் இவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போவான் என்றார். பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். விடுதலைக்கு வழி எது என்பதை எஜமானரே சொல்லிவிட்டார். பின்னாளில் 1860 டிசம்பரில் போஸ்டனில் ஓர் அடிமை ஒழிப்புக் கூட்டத்தைக் கும்பல் கலைத்தபோது, அதே டக்ளஸ் சில நாளில் மேடையேறி, பேசுகிறவனின் வாயை மூடுவது கேட்க வந்தவனின் உரிமையையும் பறிப்பது என்று வாதாடினார். இந்த விவகாரத்தில் நான் கண்ட வாதங்களிலேயே இதுதான் உறுதியானது. பேச்சுரிமை என்றவுடன் மேடையில் நிற்பவரையே நினைக்கிறோம். கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது காரணம் நம் கரிசல் மண்ணில் இருக்கிறது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, அடிமைகள் எடுத்த பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வருவது நின்றது. உடனே இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. திருநெல்வேலிப் பஞ்சு என்றே சந்தையில் தனிப் பெயர் இருந்த நம் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் நல்ல விலைக்குப் போயிற்று. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரி (விவசாயி) தான் கண்டேயிராத ஒரு நாட்டின் அடிமைகளுடைய விடுதலைப் போரால் நாலு காசு பார்த்தான், அது முடிந்ததும் இழந்தான். ஆகவே அது தூரத்துக் கதை அன்று.

சுதந்திரத்தைப் பற்றி எழுதிய வெள்ளைக்கார அறிஞர்களே அடிமை வியாபாரத்தில் பணம் போட்டவர்களாமே?

ஆமாம். பிறர் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதே அடிமைத்தனம் என்ற அளவுகோலைத் தந்த ஜான் லாக், ஆப்பிரிக்க அடிமை வணிகக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். அவர் கொடுத்த கோலாலேயே அவரையும் அளந்துவிட்டு, கோலை நாம் வைத்துக்கொள்ளலாம்.

பாளையக்காரர்களையும் எதேச்சாதிகாரிகள் என்பீர்களா? கட்டபொம்மன் நம் வீரர் அல்லவா?

வீரர். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் நடந்ததைப் பாருங்கள். கம்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் சுற்று வட்டாரத்துப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன் குற்றச்சாட்டைச் சொல்லித் தூக்குத் தண்டனை விதித்தார். வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை. குற்றம் சாட்டியவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒருவரே. வந்து நின்ற பாளையக்காரர்கள் சாட்சிகளாக அழைக்கப்படவில்லை. பார்த்துப் பயந்து போவதற்காக அழைக்கப்பட்டார்கள். கம்பெனி ஆட்சியின் எதேச்சாதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது அரைகுறை நேர்மை. பாளையக்காரர்கள் தேசகாவல், ஸ்தலகாவல் என்ற பெயரில் கிராமங்களிலிருந்து காவல் பணம் வசூலித்தார்கள். அதிகமாகக் கேட்டால் குடியானவன் எங்கே போய் முறையிடுவது? காவல்காரனே கேட்கும்போது களவு கொடுத்தவன் யாரிடம் சொல்வான்? கம்பெனியை எதிர்த்து நின்ற வீரத்தைப் போற்றலாம். உள்ளூரில் உழுதவனின் நிலை அதனால் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

1908இல் இங்கே நடந்தது சுதந்திரப் போராட்டமா, பேச்சுரிமைப் போராட்டமா, தொழிலாளர் போராட்டமா?

மூன்றும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். விடிந்ததும் உள்ளே போனால் இருட்டும்வரை வேலை, அடி, அபராதம், ஒழுங்கான வார விடுமுறை கிடையாது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் பேசினார்கள். மார்ச் தொடக்கத்திலேயே மில் நிர்வாகம் இறங்கி வந்து கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் ஒத்துக்கொண்டது. கப்பல் கம்பெனி நடத்தியதைவிட இந்த வெற்றிதான் கலெக்டருக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

மார்ச் 12 அன்று இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தீப்பற்றின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள்: ஒன்று பேசியதற்காக, இன்னொன்று பேசிய சிவாவுக்கு ஆதரவு கொடுத்ததற்காக. சிவாவுக்குப் பத்தாண்டு. அதாவது பேச்சாளருக்குப் பத்து. அவருக்குச் சோறும் இடமும் கொடுத்தவருக்கு ஆயுள். தீர்ப்பைக் கேட்டு வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்து போனார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் அந்த வக்கீல் செக்கிழுத்தார். பேசிய குற்றத்துக்கு மாடு செய்யும் வேலையைத் தண்டனையாகக் கொடுத்தார்கள். பேசும் உரிமையைப் பிடுங்கிய பிறகு மனிதனை எதுவாக ஆக்க நினைத்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியானால் வாஞ்சிநாதன் செய்தது சரியா?

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். 1908இல் பேசும் வழியை அடைத்தவர்களுக்கு 1911இல் துப்பாக்கியின் ஓசை கேட்டது என்பது ஒரு பக்கம். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் சனாதன தர்மத்தைக் காக்கப் புறப்பட்டதாகச் சொல்கிறதே தவிர, சமத்துவம் பேசவில்லை என்பது மறுபக்கம். ஆஷ் ஏழைப் பெண்ணை அக்கிரகாரத் தெரு வழியே வண்டியில் அழைத்துச் சென்றதால் கொல்லப்பட்டார் என்று கைப்பேசிகளில் சுற்றும் கதைக்கு ஆதாரம் எதையும் யாரும் காட்டியதில்லை. நான் இந்தக் கொலையைக் கொண்டாடவும் இல்லை, ஆஷைப் புனிதராக்கவும் இல்லை.

சுதந்திரம் வந்து அரசியல் சட்டமும் வந்துவிட்டது. இனி எதேச்சாதிகாரம் எங்கே இருக்கிறது?

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமை தந்த அதே 1950இல், சென்னை அரசு ஓர் இடதுசாரி வார இதழை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் வென்றார். அடுத்த ஆண்டே முதல் திருத்தம் கொண்டு வந்து, கட்டுப்பாடு விதிக்கும் காரணங்களை அகலப்படுத்தினார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு வாயில் துணி திணித்தது போல.

நம் பக்கத்துக்கு வருவோம். மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து உண்டாக்கிய தேயிலைத் தோட்டம். அங்கே வேலை தருவதும் கம்பெனி, குடியிருக்கும் லயன் வீடும் கம்பெனியுடையது. வேலை போனால் மறுநாள் கூரையும் போகும் என்றால், எதிர்த்துப் பேசும் ஒவ்வொரு முறையும் மனைவி மக்களைத் தெருவில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். கூலி உயர்வு கேட்டும், கைதானவர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று தோட்டத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் நெல்லையில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. மனு கொடுக்க வந்தவர்கள் அவர்கள். 2024இல் தோட்டத்தை மூடும் முடிவு வந்தபோது, வேலையோடு வீட்டையும் விட வேண்டும் என்ற அதே பழைய கணக்கு மறுபடியும் எழுந்தது.

கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். வ.உ.சி. மீது பாய்ந்த அதே 124ஏ பிரிவு. மீன் பிடிக்கிறவர்கள் மீதும் பீடி சுற்றுகிறவர்கள் மீதும். 2013இல் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு சொன்னது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தின்மேலும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் மொத்தம் 13 பேர் இறந்தார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. கைதான எவரையும் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. நிறுத்தினார்கள்தான். நீதிபதி எதிரே நிற்பவனை ஏறிட்டுப் பார்த்து “அடித்தார்களா?” என்று கேட்காவிட்டால், அந்த 24 மணி நேரக் கணக்கு வெறும் ரயில் அட்டவணை.

அண்ணாச்சி, முன்பணம் வாங்காத தொழிலாளி உண்டா? அதையெல்லாம் கொத்தடிமை என்றால் தொழில் நடக்குமா?

முன்பணம் வாங்குவது குற்றமில்லை. அதோடு என்னென்ன பறிபோகிறது என்பதே கேள்வி. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனையும் அதற்கு ஈடாக இழந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது: குறைந்தபட்சக் கூலி இல்லை, வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாது, உற்பத்தி செய்ததைச் சந்தை விலைக்கு விற்க முடியாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செங்கல் சூளை நோட்டு ஒன்றை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு, அட்டையில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். உள்ளே மேஸ்திரி கையெழுத்தில் நான்கு பத்திகள்: தேதி, கல் கணக்கு, செலவுக்காசு, பற்று. அறுத்த கல்லை ஆயிரக் கணக்கில் எழுதியிருந்தது. மழை பெய்த நாட்களில் கல் கணக்கில் கோடு. ஆனால் சாப்பிட வாங்கிய செலவுக்காசு பற்றில் ஏறியிருந்தது. சில வாரங்களில் ‘உடைசல்’ என்று ஒரு கழிவு. எத்தனை கல் உடைந்தது, யார் எண்ணினார்கள் என்று எழுதவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாங்கிய பணம், கோயில் கொடைக்கு ஊருக்குப் போக வாங்கிய பணம், எல்லாம் பற்று. அந்த நோட்டில் கணவன் பெயர்தான் இருந்தது; மண் குழைத்த மனைவிக்கும் கல் புரட்டிப் போட்ட பிள்ளைகளுக்கும் வரி கிடையாது. நோட்டு மேஸ்திரியிடம் இருக்கும். சீசன் முடிவில் கூட்டிச் சொல்வார். பாக்கி எவ்வளவு என்று கேட்டவரிடம், “என்னை நம்பவில்லையா?” என்ற பதில் வருமாம். மரக்கால் கதைதான்; இப்போது பால்பாயிண்ட் பேனாவில்.

இங்கே சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. கொத்தடிமை என்று தெரிந்தால் அந்தக் கடன் அற்றுப்போகும். ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். வேலை வாங்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய் வரை என்று எழுதியது 1976இல். இன்றைக்கு அது சூளை முதலாளிக்கு டீச்செலவு.

தென் மாவட்டங்களிலிருந்து ‘சுமங்கலி’ என்ற பெயரில் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்குப் போன பெண்களின் கதையும் இந்த இனம். மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. இடையில் விலகினால் அது கிடையாது. விடுதியை விட்டு வெளியே போகத் தடை.

ஊர்க்கூட்டம் நம்முடைய பழைய ஜனநாயகம் அல்லவா? எல்லாரும் கூடிப் பேசுகிறார்களே?

எல்லாரும் கூடுகிறார்கள். எல்லாரும் பேசுவதில்லை. கோயில் முன்னால் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் துண்டை இடுப்பில் கட்டி நிற்கிறார், பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தீர்ப்பு என்னவென்று பாதி தெரிந்துவிடும். காதலித்துக் கல்யாணம் செய்த குடும்பத்தை ஊர்விலக்கம் செய்வது, தண்டம் போடுவது, காலில் விழச் சொல்வது இவையெல்லாம் நடப்பது கூட்டம் போட்டுத்தான். 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்றது. பட்டியல் சாதியினரைச் சமூகப் புறக்கணிப்புச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம்.

கூடிப் பேசச் சட்டப்படியான இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம். வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிட்டு, சபை நடந்ததாகக் கணக்கு எழுதும் ஊர்களும் இருக்கின்றன. கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். நாற்காலி போடாவிட்டால் தரையில்.

பேச்சுரிமை என்றால் சாதிப் பெருமை பேசி மோதலைத் தூண்டுவதும் உரிமைதானா?

இல்லை. அரசியல் சட்டமே பொது ஒழுங்கு, குற்றத்தைத் தூண்டுதல் ஆகியவற்றுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. பள்ளிப் பையன் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து அரிவாள் தூக்கும் ஊரில் இந்த வரம்பு வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. இந்தப் பிரிவுகளைப் பிரயோகிப்பது காவல் நிலையம். சுவர் முழுக்கச் சாதிப் பெருமை எழுதியவன் திரிந்துகொண்டிருக்க, குடிநீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தவர்கள் மீது வழக்குப் பாய்வதை நாம் பார்க்கிறோம். எனவே வரம்பை ஆதரிக்கிறேன். அதைப் பிடித்திருக்கும் கையைச் சந்தேகிக்கிறேன்.

புகார் எழுதத் தெரியாது, வக்கீல் வைக்கக் காசில்லை. யாரிடம் போவது?

கொத்தடிமை விஷயமானால் மாவட்ட ஆட்சியர், சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர். வாயால் சொன்னாலும் போதும். விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் தருவது அவர்கள் கடமை. அந்தச் சான்றிதழை வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். மறுவாழ்வு உதவி, வழக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். நகல் ஒன்று வீட்டில், இன்னொன்று நம்பிக்கையான ஒருவரிடம்.

இலவச வக்கீலுக்கு நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், கொத்தடிமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. குழந்தைகள் வேலையில் இருந்தால் 1098.

போகும்போது நோட்டையோ, கூலிச் சீட்டையோ, மேஸ்திரி அனுப்பிய குரல் பதிவையோ கொண்டுபோனால் நல்லது. எதுவும் இல்லாவிட்டாலும் போங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட வேலை பார்க்கும் நாலு பேரோடு போங்கள்.